பட்டாபி மிச்சம் வைத்த பாதி

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வசிக்கும் வங்காள நகரத்தில், லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தென்னிந்திய உணவகம். ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து மேஜையில் ஒரு கணவனும் மனைவியும். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே மசால் தோசையில் பாதியைத் தின்றார். மீதியைத் தட்டோடு மனைவி பக்கம் நகர்த்தினார். அவளைப் பார்க்கவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை. தன் இட்லியை முடித்துவிட்டு அந்தப் பாதித் தோசையையும் சாப்பிட்டாள். பசியோடு சாப்பிடுகிறவளின் முகம் எனக்குத் தெரியும். அது வேறு முகம். இவளுடையது காய்ந்த துணியை மடித்து வைக்கும்போது இருக்கிற முகம்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது.

அதே வாரம் சென்னையிலிருந்து மது கூப்பிட்டாள். நான் குடும்பக் காதல் கதைகள் எழுதிவரும் மாத இதழுக்கு அவள்தான் பொறுப்பாசிரியை.

"மேடம், ஜனவரி இதழ் ஹெல்த் ஸ்பெஷல். வெயிட் குறைக்கிறது, நல்ல சாப்பாடு, அந்த மாதிரி. உங்க ஸ்டைல்ல ஒரு ஜோடி. சேர்ந்து டயட் இருந்து மறுபடியும் லவ் பண்ண ஆரம்பிக்கறாங்க. நடுநடுவுல டிப்ஸ் வரட்டும்."

"காதலுக்கு நடுவிலயா, சண்டைக்கு நடுவிலயா?"

"சண்டை வேண்டாம் மேடம். கசப்பா மட்டும் எழுதிடாதீங்க. புது வருஷ இதழ்."

சரி என்றேன். சொன்னபோது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"ரவீந்திர சரோபர் ஏரியின் மேல் குளிர்காலத்து மூடுபனி மிதந்தது. பட்டாபி ரோஹிணியின் கையைப் பற்றினான். 'இன்னும் ஒரு சுற்று?' என்றான். அவள் நாணத்தோடு —"

நிறுத்திவிட்டேன். மகள் கல்லூரிக்குப் போகிற வயதில் யார் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றுகிறார்கள்? அந்த ஏரிக்கரையில் இறுக்கமாகப் பிடித்திருப்பது பெரும்பாலும் நாய்ச் சங்கிலியைத்தான்.

இரண்டாவது:

"தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, கால் பங்கு சோறு என்று பரிமாறினாள் ரோஹிணி. இனிப்புப் பானங்களுக்குப் பதில் மோர், தண்ணீர் —"

மது சந்தோஷப்படுவாள். ஆனால் இது டாக்டரின் காத்திருப்பு அறையில் மாட்டியிருக்கும் படம்.

மூன்றாவது: "ரோஹிணி குண்டாக இருந்தாள்."

இதை எழுதியதும் அழிக்கக் கை போனது. அவளைப் பற்றி எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். நானும் சொல்ல வேண்டுமா? பிறகுதான் தவறு எங்கே என்று புரிந்தது. வாக்கியத்தில் ஒரு ஆள் குறைகிறான். திருத்தி எழுதுகிறேன்.

பட்டாபியும் ரோஹிணியும் குண்டாக இருந்தார்கள்.

இதுதான் தொடக்கம். இதை மாற்றப்போவதில்லை.

3

டாலிகஞ்சில், மெட்ரோ ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்துப் போகிற தூரத்தில், லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும் ஒரு கட்டடத்தில் அவர்கள் வீடு. பட்டாபி வங்கி அதிகாரி. கொள்ளுத்தாத்தா காலத்திலேயே இந்த ஊருக்கு வந்துவிட்ட குடும்பம். ரோஹிணிக்கு அலிப்பூரில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. ஒரே மகள் சைதன்யா. அவளுக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும்.

சித்திரை மாதம் இருவரும் ஒரே நாளில் ஒரே டாக்டரிடம் போனார்கள். இருவருக்கும் எடை அதிகம். இருவருக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில். டாக்டர் இருவருக்கும் ஒரே அறிவுரைதான் சொன்னார். டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். டப்பா ஜூஸ் வேண்டாம், பழத்தையே கடித்துச் சாப்பிடுங்கள். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள். சாயங்காலம் பஜ்ஜிக் கடையில் நிற்காதீர்கள். பொரியில் வெள்ளரியும் ஊறவைத்த கடலையும் போட்டுத் தின்னுங்கள். நடங்கள்.

பிறகு ரோஹிணியிடம் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று விசாரித்தார். அம்மாவுக்கு இருந்தது, அதிலேயே இரண்டு கண்ணும் போயிற்று என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் உங்கள் இருவரில் நீங்கள்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்."

வீடு திரும்பும் ஆட்டோவில் ரோஹிணி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கடைப் பலகைகளைப் படித்துப் பார்த்தாள். பிறகு மறு கண்ணை. பட்டாபி போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டு வந்தான். எடை குறைய எளிய வழி: தட்டில் இருப்பதில் பாதியை விட்டுவிடுங்கள்.

அன்று இரவே ஆரம்பித்துவிட்டான்.

"அப்போ பாதியே போடறேனே," என்றாள் ரோஹிணி.

"கூடாது. முழுசா எதிர்ல இருக்கணும். இருந்தும் விடணும். அதுக்குப் பேர்தான் கன்ட்ரோல். இல்லாததை விடறது என்ன பெரிய சாமர்த்தியம்?"

"விட்டதை என்ன பண்றது?"

"நீ முடிச்சுடு. சாதத்தை யாராவது கொட்டுவாளா?"

அவள் தன் தட்டில் சோற்றைக் குறைத்திருந்தாள். டீயில் சர்க்கரையை விட்டிருந்தாள். பொரியும் வெள்ளரியும் டப்பாவில் போட்டு அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். தன் பங்கைக் குறைத்துக்கொண்டவள் ராத்திரியானால் அவன் பங்கைச் சாப்பிட்டாள்.* சப்பாத்தி, கூட்டு, வெண்பொங்கல். கடையிலிருந்து அவன் உற்சாகமாக வாங்கி வந்து ஒரு வாயோடு "நன்னால்லை" என்று தள்ளிய ஓட்ஸ் பிஸ்கெட், கம்பு சேமியா. ஆரோக்கியமான பண்டம்தான் எல்லாம். இரண்டு பேருக்கானது ஒரே வயிற்றுக்குள் போனது.

* ரோஹிணி வளர்ந்த வீட்டில் எச்சிலுக்கு விதிகள் உண்டு. தம்ளரை உதடு படத் தூக்கக் கூடாது. ஒருத்தர் கடித்ததை இன்னொருத்தர் தொடக் கூடாது. கணவன் எச்சில் மட்டும் மனைவிக்கு எச்சிலே இல்லை. மனைவி எச்சில் கணவனுக்கு என்ன என்று அவள் கேட்டதில்லை. கேட்கும்படி எதுவும் நடந்ததும் இல்லை.

4

இந்த இடத்தில் எனக்கு ரோஹிணி மேல் சந்தேகம் வந்து ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன்.

எம்.காம். படித்தவள். அலுவலகத்தில் மேலதிகாரியின் கோப்பில் பிழை இருந்தால் அவர் முன்னாலேயே சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள். இப்படிப்பட்டவள் ஒரு பாதிச் சப்பாத்தியைக் குப்பையில் போட மாட்டாளா? நீங்கள் கேட்பீர்கள். நான் அவளையே கேட்டேன். (பாத்திரங்களோடு பேசுவதாக எழுத்தாளர்கள் சொல்வது பாவனை. தெரியும். வேறு யாரைக் கேட்பது?)

"கொட்டித் தொலையேன், ரோஹிணி."

"கொட்டினேனே. நீங்கதான் அதை எழுதலை."

எழுதுகிறேன். ஒருநாள் அவள் கொட்டினாள். தண்ணீர் குடிக்க வந்த பட்டாபி குப்பைக்கூடையைப் பார்த்தான். கத்தவில்லை. மறுநாளிலிருந்து தட்டில் போட்டதை முழுக்கத் தின்றான். கூடுதலாகவும் கேட்டான். சாயங்காலம் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்தான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "நீ கொட்டறதைப் பார்த்தா எனக்கு விடவே மனசு வரலை. ஆனது ஆகட்டும், நானே சாப்பிட்டுடறேன். எனக்கு ஏதாவது ஆனா அப்பறம் பார்த்துக்கலாம்" என்றான்.

சைதன்யா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "மா, ப்ளீஸ். பாபாவோட ஹெல்த் மா. ஒரு சப்பாத்திதானே?" என்றாள். அப்பாவை வங்காளிகள் மாதிரி பாபா என்றுதான் கூப்பிடுவாள்.

மறுபடியும் தட்டு மேஜையைக் கடந்து வந்தது. அவன் எடை மறுபடியும் இறங்கியது.

"ஃப்ரிட்ஜில வைக்கறதுதானே?" என்று ரோஹிணியை விடாமல் கேட்டேன்.

"வச்சேன். மறுநாள் அதிலயும் பாதி விட்டார். பாதிபாதியாச் சேர்ந்து தட்டு நிறைய ஆச்சு. வேலைக்கு வர நாகம்மாவுக்குக் குடுத்துடுன்னார். எச்சிலை எப்படி மாமி இன்னொருத்தருக்குக் குடுக்கறது?"

"உனக்கு மட்டும்?"

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "என்னை அசடா எழுதிடாதீங்கோ. அதான் கேட்டுக்கறேன்" என்றாள்.

பட்டாபியைக் கொடியவனாக எழுதலாமா என்றும் யோசித்தேன். முடியவில்லை. மழை நாளில் குடையோடு மெட்ரோ வாசலில் வந்து நிற்கிறவன். அவள் முழங்கால் வலிக்குத் தானே போய் முட்டியில் மாட்டும் பட்டை வாங்கி வந்தவன். என் கதைகளில் கணவர்கள் கடைசி அத்தியாயத்தில் திருந்துவார்கள். திருந்துவதற்கு ஒரு குற்றம் வேண்டும். வேறு பெண், குடி, ஓங்கிய கை, ஏதாவது. இவனிடம் இருப்பது அரைச் சப்பாத்தி. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எப்படித் திருத்துவது?

5

பூஜை முடிந்தது. துர்கையை ஆற்றில் கரைத்த மறுநாளிலிருந்து இந்த ஊரில் வீடு வீடாகப் போய் விஜயா வாழ்த்துச் சொல்ல வேண்டும். போகிற வீட்டில் எல்லாம் இனிப்பு வைப்பார்கள். தொடாமல் எழுந்தால் அந்த வீட்டோடு மனஸ்தாபம் என்று அர்த்தம். டாலிகஞ்சில் பிறந்த தமிழர்களுக்கு இது தீபாவளி பட்சணத்தைவிடக் கண்டிப்பான விஷயம்.

முதலில் எதிர்வீட்டு ரஞ்சனா பௌதி. பௌதி என்றால் அண்ணி. ரோஹிணியைவிடப் பத்து வயதாவது மூத்தவள். இரண்டு தட்டு கொண்டுவந்தாள். சந்தேஷ் என்கிற பால் இனிப்பு, தேங்காய் உருண்டை, உப்புத் துக்கடா மாதிரி நிம்கி.

பட்டாபி வயிற்றில் கையை வைத்துக்கொண்டான். "டாக்டரேர் பாரொன், பௌதி." டாக்டர் தடை போட்டிருக்கிறார். ஒரு சந்தேஷின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, தட்டை மனைவியின் மடிப்பக்கம் நகர்த்தினான். "ரோஹிணி கேயே நேபே." ரோஹிணி சாப்பிட்டுவிடுவாள்.

"பாஹ்! என்ன மனஉறுதி!" என்று ரஞ்சனா பௌதி வங்காளத்தில் வியந்தாள். "எவ்வளவு இளைத்துவிட்டீர்கள்! காலேஜ் பையன் மாதிரி." பிறகு மடியில் இரண்டு தட்டோடு உட்கார்ந்திருந்த ரோஹிணியின் தோளைப் பாசமாகத் தொட்டு, "தூமி கிந்து ஏக்டு கொமாவ்" என்றாள். நீயும் கொஞ்சம் குறைக்கணும்மா.

ரோஹிணியின் வாய் நிறைய சந்தேஷ் இருந்தது. தலையை ஆட்டினாள்.

அடுத்த வீட்டு வாசலில் அவள் முந்திக்கொண்டாள். செருப்பைக் கழற்றும்போதே, தனக்கும் டாக்டர் இனிப்பு வேண்டாமென்று சொல்லியிருக்கிறார் என்று அறிவித்தாள். அந்த வீட்டம்மாள் கையில் தட்டோடு நின்றாள். அவள் முகம் வாடியது. பட்டாபி சிரித்த முகம் மாறாமல் தமிழில் சொன்னான்:

"ரெண்டு பேரும் வேண்டாம்னா அவமானமா எடுத்துப்பா. நீயாவது சாப்பிடு."

"நீங்க சாப்பிடுங்கோளேன். இந்த ஒரு ஆத்துல."

"இத்தனை மாசம் இருந்துட்டு இன்னிக்குக் கெடுத்துக்கவா? ஞாயித்துக்கிழமை வெயிட் பார்க்கறா, மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. அவளையும்தான் பார்ப்பார்கள்.

6

மறந்தவள் நான். போட்டியைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். தமிழர் சங்கத்தில் (இந்தச் சங்கமும் என் கற்பனைதான், உறுப்பினர்கள் யாரும் போன் செய்ய வேண்டாம்) சித்திரையில் 'ஆரோக்கிய ஜோடி' என்று ஒரு போட்டி அறிவித்தார்கள். கணவன், மனைவி இருவர் எடையையும் சேர்த்துக் குறித்துக்கொள்வார்கள். விஜயா முடிந்த ஞாயிறு மறுபடியும் பார்ப்பார்கள். கூட்டுத்தொகையில் அதிகம் குறைந்த ஜோடிக்குப் பரிசு. பெயர் கொடுத்தவன் பட்டாபி.

மேடைக்குப் பக்கத்து அறையில் எடைக் கருவி. காரியதரிசி முத்துகிருஷ்ணன் கால்குலேட்டரோடு நின்றார். பட்டாபி ஏறினான், முத்துகிருஷ்ணன் விசிலடித்தார். ரோஹிணி செருப்பை, வளையலை, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். முத்துகிருஷ்ணன் கூட்டினார். புருவத்தைச் சுருக்கி மறுபடியும் கூட்டினார். சித்திரையில் இருந்த அதே எண். அவன் உடம்பிலிருந்து போனது அத்தனையும் அவள் உடம்பில் இருந்தது.

[அதெப்படிச் சரியாக அதே எண் என்று கேட்பீர்கள். முதல் வரைவில் ஒன்றரைக் கிலோ இடித்தது. நான்தான் சமன் செய்தேன். கதைக்காரிக்கு அந்த உரிமை உண்டு. அந்த ஒன்றரைக் கிலோ ரோஹிணி லிஃப்ட் நின்றுபோன நாட்களில் மாடிப்படி ஏறியதில் கரைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

"என்ன மாமி இது!" முத்துகிருஷ்ணன் அறை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "மாமா இறக்கி வச்சதையெல்லாம் நீங்க ஏத்திண்டுட்டேளா?"

எல்லாரும் சிரித்தார்கள். பட்டாபியும் சிரித்தான். அன்று அந்த மண்டபத்தில் உண்மையைப் பேசியவர் முத்துகிருஷ்ணன் ஒருவர்தான். பேசியது அவருக்கே தெரியாது.

ஜோடிப் பரிசு ஹவுராவிலிருந்து வந்திருந்த ஒரு ரயில்வே தம்பதிக்குப் போனது. ஆனால் தனி ஆளாக அதிகம் குறைத்தவர் என்று பட்டாபிக்கு ஒரு சிறப்புப் பரிசு அங்கேயே ஏற்பாடாயிற்று. மேடையில் அவனுக்குச் சால்வை போட்டார்கள். அவன் மைக்கை வாங்கினான்.

"இதுக்கெல்லாம் காரணம் என் ஒய்ஃப்தான். எனக்காக விதவிதமா சமைச்சா. ஒரு நாள் முகம் சுளிச்சதில்லை. ஆனா பாவம்..." குரலில் உண்மையாகவே பரிவு இருந்தது. "அவளால வாயைக் கட்ட முடியலை."

கைதட்டல். ரோஹிணியையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக் அவள் கைக்கு வந்தது.

"மாமி, ரெண்டு வார்த்தை."

7

இங்கே வந்து நிற்கிறேன். கையில் மூன்று முடிவுகள்.

முதலாவது மதுவுக்கு. ரோஹிணி பேசாமல் கண் கலங்குகிறாள். பட்டாபிக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்குகிறது. அன்று முதல் அவன் சின்னத் தட்டில் அளவாகப் போட்டுக்கொள்கிறான். இருவரும் ஏரிக்கரையில் நடக்கிறார்கள். மூடுபனி. கை. (பளிச்சென்று விளங்குவது கதைகளில்தான். நான் நிறைய விளங்க வைத்திருக்கிறேன்.)

இரண்டாவது எனக்கு. ரோஹிணி மைக்கில் எல்லாவற்றையும் சொல்கிறாள். அரைச் சப்பாத்தி, குப்பைக்கூடை, மடியில் இரண்டு தட்டு, அம்மாவின் கண். மண்டபம் உறைகிறது. இதை நான்கு பக்கம் எழுதி நானே அழுதேன். பிறகு கிழித்தேன். பேசி முடித்த பிறகு அவள் அவனோடு ஒரே டாக்ஸியில்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை நான் மறந்திருந்தேன்.

மூன்றாவதில் ரோஹிணிக்குப் பார்வை மங்கத் தொடங்குகிறது; ஒருநாள் கடைப் பலகையில் எழுத்துகள் — இல்லை. எழுத மாட்டேன். அவள் பயந்துகொண்டிருப்பது அதற்குத்தான். என் கையால் அதைச் செய்வதற்கில்லை.

மூன்றையும் மதுவிடம் போனில் சுருக்கமாகச் சொன்னேன்.

"முதல்தே வச்சுக்கலாம் மேடம். பொரியும் கடலையும் நல்ல டிப். இன்னும் ரெண்டு சேருங்க." அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன சாப்பிடறே மது? இப்பதானே சாப்பிட்டேன்னு சொன்னே?"

"அது... பையன் டிபன் பாக்ஸ்ல மிச்சம் வச்சிட்டு வந்திருக்கான் மேடம். பூரி. நீங்க சொல்லுங்க."

போனை வைத்துவிட்டேன்.

மேடையில் என்ன நடந்தது என்று கேட்டால், ரோஹிணி மைக்கை வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பிறகு சொன்னாள்: "எல்லாருக்கும் நன்றி. கீழே டிபன் ரெடியா இருக்கு. யாரும் சாப்பிடாமப் போகாதீங்கோ."

அதற்கும் கை தட்டினார்கள்.

8

வீடு. சால்வை நாற்காலியின் முதுகில் கிடக்கிறது. ரோஹிணி புடவை மாற்றாமலே அடுப்பைப் பற்றவைத்து அடை வார்த்திருக்கிறாள். சைதன்யா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். பட்டாபி பாதி அடையைத் தின்றுவிட்டு, யாரோ அனுப்பிய மேடைப் படங்களைப் போனில் பார்த்துக்கொண்டே தட்டை நகர்த்துகிறான். பழகிய கை. தட்டு மேஜை நடுவைத் தாண்டுகிறது.

அங்கேயே அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

ரோஹிணி தட்டைப் பார்க்கிறாள். பிறகு, பட்டாபியைத் தாண்டி, என்னைப் பார்க்கிறாள்.

"எழுதுங்கோ மாமி. அடை ஆறிடும்."

"வேண்டாம்னு சொல்லேன்."

"சொன்னா நாளையிலேர்ந்து முழுசாச் சாப்பிடுவார். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேப்பா? உங்களையா?"

"அப்போ உன் கண்ணு?"

அவள் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கையை எடுத்தாள்.

"நீங்க முடிக்காம இருக்கற வரைக்கும் நான் இதைத் தொட வேண்டாம்," என்றாள். "முற்றும்னு போட்டுட்டா சாப்பிட்டுதான் ஆகணும்."

ஆகவே போடவில்லை. மதுவுக்கு இதை இப்படியே அனுப்புகிறேன். அவள் வேறு முடிவு சேர்த்தால் அது என்னுடையது அல்ல.

இனி உங்கள் வேலை. தட்டு நடு மேஜையில் இருக்கிறது. ரோஹிணியிடம் தள்ளாதீர்கள், பட்டாபியிடம் திருப்ப உங்களுக்குத் தைரியம் இருந்தால் திருப்புங்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இதைப் படிக்க உட்காருவதற்கு முன் நீங்களும் சாப்பிட்டு எழுந்திருப்பீர்கள். தட்டில் ஏதோ கொஞ்சம் விட்டிருப்பீர்கள். அது இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியுமா? புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறை வரை போய்ப் பாருங்கள். அங்கே விளக்கடியில் யாராவது நின்றபடியே, உங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு